கெர்னலுக்கும் யூசர் ப்ரோகிராமுக்கும் நடுவே நீங்கள் பார்த்த கூத்துகள்

முதலில் நானே ஆரம்பிக்கிறேன். ஒரு அளவீட்டுக் கருவியின் லினக்ஸ் டிரைவர் (கெர்னலுக்குள் இருந்து கருவியை இயக்கும் கோட்) எங்கள் கைக்கு வந்தது. கெர்னல் (ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி) 64-பிட் எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி சிப் வகை), அதோடு பேசும் ப்ரோகிராம் பழைய 32-பிட் பைனரி. ஓபன் ஆகிறது, ரீட் ஆகிறது, ஐஆக்டில் (டிரைவருக்குத் தனிக் கமாண்ட் அனுப்பும் அழைப்பு) போட்டால் மட்டும் பிழை எண் 25: "இன்அப்ராப்ரியேட் ஐஆக்டில் ஃபார் டிவைஸ்". 32-பிட் ப்ரோகிராமின் ஐஆக்டிலை 64-பிட் கெர்னலில் வாங்கும் காம்பட்_ஐஆக்டில் சரியாகத்தான் இருந்தது. டிவைஸ் ஃபைல், பெர்மிஷன் என்று ஆளுக்கொரு பக்கம் தேடினோம்.

கடைசியில் டிரைவருக்குள் ஒரு பிரிண்ட்கே (கெர்னல் லாகில் எழுதும் வரி) போட்டு, வந்து சேரும் கமாண்ட் எண்ணைப் பார்த்தோம். அந்த எண்ணுக்குள்ளேயே, கூடவே போகும் ஸ்ட்ரக்டின் (பல ஃபீல்டுகள் சேர்ந்த டேட்டா கட்டு) பைட் அளவு 14 பிட்டில் உட்கார்ந்திருக்கும். ப்ரோகிராம் அனுப்பியதில் 12, டிரைவர் எதிர்பார்த்ததில் 16! ஸ்ட்ரக்டில் முதலில் ஒரு யூ32 (நான்கு பைட் எண்), அடுத்து ஒரு யூ64 (எட்டு பைட் எண்). 32-பிட் எக்ஸ்86இல் யூ64 நான்கு பைட் எல்லையில் உட்காரும். 64-பிட்டில் அதற்கு எட்டு வேண்டும், அதனால் நடுவில் நான்கு பைட் ஓட்டை. ஸ்விட்சில் எந்த கேஸும் பொருந்தாமல் டீஃபால்ட்டுக்குப் போய், பிழை 25 ஆகத் திரும்பிவிட்டது. முன்பிருந்த குழு 32-பிட் ஆர்ம் போர்டில் சோதித்திருந்தது. அங்கே யூ64க்கு எட்டு பைட் எல்லைதான், பிரச்சினை தலையே காட்டவில்லை.

பழைய பைனரிக்காகத் தனியாக ஒரு காம்பட் ஸ்ட்ரக்ட் எழுதினோம். புதிய ஹெடரில் யூ64ஐ முன்னால் நகர்த்தினோம். அது மட்டும் போதாது, வால் பக்கம் அதே வித்தியாசம் வரும். அதனால் கடைசியில் ரிசர்வ்டு என்று இன்னொரு யூ32.

* * *

அந்த நான்கு பைட் ஓட்டையை நான் வேறு விதமாகச் சந்தித்தேன். ஸ்டாக்கில் (ஃபங்ஷனின் தற்காலிக நினைவகம்) ஸ்ட்ரக்ட், ஃபீல்டுகளை ஒவ்வொன்றாக நிரப்பி காப்பி_டு_யூசர் (கெர்னலிலிருந்து ப்ரோகிராமுக்கு டேட்டாவை நகலெடுக்கும் ஃபங்ஷன்). யூசர் பக்கம் ஹெக்ஸில் கொட்டிப் பார்த்தால், ஓட்டையில் கெர்னல் ஸ்டாக்கில் ஏற்கெனவே கிடந்த குப்பை அப்படியே வெளியே வந்திருந்தது. பாதுகாப்பு ஆட்கள் பார்த்தால் விடமாட்டார்கள். முதலில் மெம்செட் போட்டு முழுதையும் பூஜ்யமாக்கணும், அப்புறம்தான் நிரப்பணும். அறிவிக்கும் இடத்திலேயே பூஜ்யம் கொடுத்தால் பேடிங்கும் (அந்த ஓட்டை) துடைக்கப்படும் என்று நம்பிவிட வேண்டாம்.

* * *

காப்பி_டு_யூசரின் ரிட்டர்ன் மதிப்பை அப்படியே ரிட்டர்ன் செய்த ஐஆக்டில் ஒன்றை ரிவ்யூவில் பார்த்தேன். அது தருவது பிழை எண் இல்லை, காப்பி ஆகாமல் மிச்சமான பைட்டுகள். தப்பான பாயிண்டர் வந்தால் 16 என்று நேர்ம எண் திரும்பும். ப்ரோகிராம் பூஜ்யத்துக்குக் கீழே இருக்கிறதா என்று மட்டும் பார்த்து, வெற்றி என்று நினைத்துக்கொள்ளும். மிச்சம் இருந்தால் மைனஸ் ஈஃபால்ட் (தப்பான முகவரி என்ற பிழை எண்) திருப்பணும், அவ்வளவுதான்.

* * *

எங்களிடம் ஒரு பழைய மாட்யூல் இருந்தது. காப்பி_ஃப்ரம்_யூசரே (ப்ரோகிராமின் டேட்டாவைக் கெர்னலுக்குள் நகலெடுக்கும் ஃபங்ஷன்) கிடையாது, யூசர் பாயிண்டரை நேராகவே படிக்கும். பழைய மெஷின்களில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. இன்டெலின் பிராட்வெல் சிப்புக்குப் பிந்தைய சர்வரில் போட்டதும் முதல் ரைட்டிலேயே ஊப்ஸ் (கெர்னலுக்குள் நேரும் கோளாறு). அந்தச் சிப் தலைமுறையோடு வந்த எஸ்மேப் என்ற பாதுகாப்பு, கெர்னல் இப்படி யூசர் நினைவகத்தைத் தொட்டாலே பிடித்துவிடும். பூட் லைனில் எஸ்மேப்பை அணைத்துவிடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். நல்லவேளை, யாரும் கேட்கவில்லை.