ராம்நாட்டுக்காரர்களே, ஊருக்கு நீங்கள் எதில் போகிறீர்கள்? மறக்க முடியாத ஒரு பயணத்தைச் சொல்லுங்கள்

கப்பல்காரன்:

வருடத்துக்கு நாலு தடவையாவது கப்பலில் சேரவும் இறங்கவும் விமானம் பிடிக்கிற ஆள் நான். ஊர் மண்டபம். எந்த விமானத்தில் கால் நீட்டலாம், எந்த லவுஞ்சில் சோறு தேறும் என்று ஊரில் எல்லாரும் என்னிடம்தான் கேட்பார்கள். நானும் சொல்லிவிடுவேன். ஜன்னல் இருக்கை வேண்டாம், நடைபாதை ஓரம் வாங்கு. இடையில் மாறாத விமானம் கிடைத்தால் ரெண்டாயிரம் கூடப் போனாலும் பரவாயில்லை. மதுரையில் இறங்கினால் மூன்று மணி நேரத்தில் வீடு. லவுஞ்ச் பற்றி மட்டும் இப்போதெல்லாம் வாய் திறப்பதில்லை.

போன வருடம் ஒரு பெரிய நகரத்து விமான நிலையம், ராத்திரி ஒரு மணி. லவுஞ்சுக்குள் போகக் கார்டைத் தேய்த்ததில் ரெண்டு ரூபாய் போனது. தட்டில் இட்லியும் ஏதோ ஒரு பாஸ்தாவும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, வீட்டுக்குப் போன் போட்டேன். "வெள்ளனப் படுத்துரு, நான் அங்க போயிப் பேசுறேன்" என்று சொல்லி வைத்தபோது, தட்டு எடுக்க வந்த பையன் நின்றுவிட்டான்.

"அண்ணே, ராம்நாட்டுப் பக்கமா?"

தங்கச்சிமடமாம். கையைப் பார்த்தேன். ஆள்காட்டி விரலில் தங்கூசி, அதான் மீன்பிடி நரம்பு, அறுத்த தழும்பு, வெள்ளையாக. இந்த வேலைக்கு எப்படி வந்தாய் என்று கேட்டேன். "போட்டு இலங்கைப் பக்கம் மாட்டிக்கிருச்சுண்ணே. ஆளுகள விட்டுட்டாங்க, போட்ட விடல. அங்கயே கெடந்து இத்துப்போச்சு" என்றான். நம்ம கடற்கரைக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. உள்ளே போய் ஒரு வடையைக் கொண்டுவந்து என் தட்டில் வைத்தான். "சாப்பிடுங்கண்ணே, விடிஞ்சா குப்பைக்குத்தான் போகும்."

அதற்குள் என் விமானத்துக்குக் கடைசி அழைப்பு. ஓடிவிட்டேன். பெயரைக்கூடக் கேட்கவில்லை. அதன் பிறகு ரெண்டு தடவை அதே லவுஞ்சுக்குப் போனேன், அவன் இல்லை.

கீழக்கரை லாத்தா:

எனக்கும் விமான நிலையம்தான், ஆனால் வேறு கதை. மகள் வெளிநாட்டில். தொதல் இல்லாமல் போனால் அவள் கதவே திறக்க மாட்டாள். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் போட்டு உம்மா கை ஓயக் கிண்டிய தொதல், ரெண்டு கிலோ. பெட்டி எடை கூடிப்போனதால் கைப்பையில் வைத்தேன். அதுதான் தப்பு. இங்கே விட்டுவிட்டார்கள். இடையில் மாறுகிற ஊரில் அந்தச் சோதனைக்காரர் பொட்டலத்தைப் பிரித்துக் கட்டைவிரலால் ஒரு அமுக்கு அமுக்கினார். விரல் ரேகை அப்படியே பதிந்து நின்றது. பசை மாதிரி இருக்கிறதாம், 100 மில்லிக்கு மேல் விட முடியாதாம்.

வாக்குவாதம் பண்ணத் தெம்பில்லை. ஓரமாக நின்று முடிந்த மட்டும் தின்றேன். பின்னால் நின்ற ரெண்டு பெண்களுக்கும் கொடுத்தேன். மீதி குப்பைத்தொட்டிக்குப் போனது. அந்த விரல் பதிந்த துண்டை மட்டும் நான் தொடவில்லை. உம்மாவிடம் இன்றுவரை சொல்லவும் இல்லை. "எல்லாம் தின்னு முடிச்சாளா?" என்று கேட்டார்கள், முடிச்சாள் என்றேன்.

ஸ்லீப்பர் கிளாஸ்:

லவுஞ்ச், ரெண்டு ரூபாய் என்று ஆரம்பித்தவருக்கு ஒரு கேள்வி. மதுரையில் இறங்கினால் மூன்று மணி நேரத்தில் வீடு என்கிறீர்கள். சரி. சென்னையில் வீட்டிலிருந்து விமான நிலையத்துக்கு ஒரு மணி நேரம், அங்கே காத்திருப்பது ஒன்றரை, பறப்பது ஒன்றே கால், மதுரையில் பெட்டி வர அரை மணி, அப்புறம் உங்கள் மூன்று. ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆச்சு. கார் வாடகையைக் கேட்டால் மயக்கம் வரும். சாயங்காலம் எழும்பூரில் சேது எக்ஸ்பிரஸில் ஏறிப் படுத்தால் விடியும் முன்னே ஊர். தூங்குகிற நேரத்தை யாராவது பயண நேரத்தில் சேர்ப்பார்களா?

என் ஓட்டு சேதுவுக்கு இல்லை என்பது வேறு விஷயம். அந்த வண்டி பாம்பன் பாலம் ஏறும்போது இருட்டாகவே இருக்கும். எனக்குப் போட் மெயில்தான். மெதுவாக வரும், கும்பகோணம், தஞ்சாவூர் எல்லாம் சுற்றும், ஆனால் பாம்பனை வெளிச்சத்தில் காட்டும். ஆரம்ப நாளிலிருந்து அந்தப் பாலத்தில் ஓடுகிற வண்டி அது.

பாம்பன் காத்து:

மேலே சொன்னதில் ஒரு திருத்தம். போட் மெயில் ஆரம்பத்தில் தூத்துக்குடிக்குத்தான் போனது. அங்கிருந்து கொழும்புக்குக் கப்பல். 1914இல் பாம்பன் பாலம் திறந்த பிறகுதான் தனுஷ்கோடி, அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் என்று மாறியது. 1964 புயலில் தனுஷ்கோடி போனதும் ராமேஸ்வரத்தோடு நின்றுவிட்டது. சரி, சண்டைக்கு வரவில்லை.

என் விஷயம் பழைய பாலத்தில் நடந்தது. ஆடி மாதம். காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் தானாகச் சிவப்பாகிவிடும் என்று நமக்கெல்லாம் தெரியும். வண்டி மண்டபம் தாண்டி நின்றுவிட்டது. எதிர் இருக்கையில் வடக்கிலிருந்து வந்த பெரியவர், மடியில் வாய் அடைத்த செம்பு, காசியிலிருந்து கங்கைத் தண்ணீர். மூன்று நாளாகக் கீழே வைக்காமல் வருகிறாராம், சைகையில் சொன்னார். "ராமேஷ்வர்?" என்று கேட்டார். நானும் பத்து விரலைக் காட்டினேன், பத்து நிமிடம் என்று. சும்மா ஆறுதலுக்குச் சொன்னது. அவர் நம்பிவிட்டார். பத்து நிமிடம் ஆனதும் எழுந்து, செருப்பு மாட்டி, செம்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலில் போய் நின்றார். வண்டி அசையவில்லை. திரும்பி வந்து மறுபடி கேட்டார். மறுபடியும் பத்து விரல். இப்படியே நாலு தடவை.

ஐந்தாவது தடவை அவர் எழுந்து வருவதைப் பார்த்ததும் நான் அடுத்த பெட்டிக்குப் போய்விட்டேன்.

தாம்பரம் டூ தங்கச்சிமடம்:

2022 டிசம்பரில் பழைய பாலத்தில் வண்டியை நிறுத்தினார்களே, அந்தச் சமயம். அம்மாவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். மண்டபத்தில் எல்லாரும் இறங்கிவிட்டார்கள். அம்மா மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். "கடலே வரலையே, அதுக்குள்ள என்னடா எறங்கச் சொல்ற?" அவ்வளவுதான் என் அனுபவம்.

ஆனால் இங்கே பாதிப் பேருக்குச் சில விஷயம் தெரியவில்லை என்று தோன்றுகிறது, அதனால் சொல்கிறேன். முன்பதிவு இப்போது 60 நாளைக்கு முன்புதான் திறக்கும், 120 என்பது 2024 நவம்பரோடு போச்சு. தட்கல் ஏசிக்குக் காலை 10 மணி, ஸ்லீப்பருக்கு 11. உங்கள் ரயில் முன்பதிவுக் கணக்கோடு ஆதார் இணைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் 11 மணிக்குத் தலையில் கை வைப்பீர்கள். ஆணுக்கு 60, பெண்ணுக்கு 45 வயதானால் கீழ்ப் படுக்கை ஒதுக்கீட்டில் கேட்கலாம், ஆனால் மூத்தோர் கட்டணச் சலுகை 2020 மார்ச்சிலிருந்து கிடையாது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். பட்டுக்கோட்டை, அறந்தாங்கிக்காரர்களுக்குத் தாம்பரத்திலிருந்து தனி வண்டியே இருக்கிறது, 2025 ஏப்ரல் 6 அன்று புதுப் பாலம் திறந்தபோது விட்டது.

லவுஞ்ச் போகிறவர்கள் கிளம்பும் முன் வங்கிக்குப் போன் போட்டுக் கேளுங்கள். முந்தின மூன்று மாதத்தில் இவ்வளவு செலவு செய்திருந்தால்தான் உள்ளே விடுவோம் என்று பல கார்டுகளில் வைத்துவிட்டார்கள். பவர் பேங்கைப் பெட்டியில் போடாதீர்கள், கையில் வையுங்கள். கொப்பரைத் தேங்காய் கொண்டுபோகாதீர்கள், எண்ணெய்ப் பதம், தீப்பிடிக்கும் என்று எடுத்துவிடுவார்கள். லாத்தா, தொதலைப் பெட்டிக்குள் வைத்துச் செக்-இன் பண்ணியிருந்தால் பிரச்சினையே வந்திருக்காது. கருவாட்டை மூன்று பாலிதீன் பை போட்டு…

கீழக்கரை லாத்தா:

தம்பி, பெட்டி எடை கூடிப்போனது என்றுதானே முன்னாலேயே சொன்னேன். படிக்காமலே புத்தி சொல்ல வந்துவிட்டீர்கள். அம்மா அப்புறம் இறங்கினார்களா இல்லையா, அதைச் சொல்லுங்கள்.

தாம்பரம் டூ தங்கச்சிமடம்:

மன்னிக்கவும் லாத்தா. இறங்கினாள். பஸ்ஸில் ரோட்டுப் பாலத்தில் போகும்போது வேறு பக்கம் திரும்பவே இல்லை. பக்கத்தில் ஆள் இல்லாத ரயில் பாலம் தெரிந்த பக்கமாகவே பார்த்துக்கொண்டு வந்தாள். புதுப் பாலத்தில் இன்னும் கூட்டிப்போகவில்லை, முழங்கால் வலி என்கிறாள்.

ஸ்லீப்பர் கிளாஸ்:

தூத்துக்குடி விஷயம் எனக்குத் தெரியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பெரியவரை அப்படி விட்டுவிட்டுப் போயிருக்கக் கூடாது சார். ராமேஸ்வரத்தில் இறங்கும்போதாவது பார்த்தீர்களா?

பாம்பன் காத்து:

பார்த்தேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு, பத்து விரலையும் விரித்துக் காட்டிச் சிரித்தார்.

தாம்பரம் டூ தங்கச்சிமடம்:

கப்பல்காரரே, தங்கச்சிமடம் நம்ம ஊர்தான். போட்டு போன வீடுகள் ஒன்றிரண்டு இல்லை, அதனால் வெறும் அடையாளத்தை வைத்துத் தேட முடியாது. எந்தத் தெரு, எந்தக் கோயில் பக்கம் என்று ஏதாவது சொன்னானா?

கப்பல்காரன்:

இல்லை. விரல் தழும்பு மட்டும்தான். அது நம்ம பக்கம் யார் கையில்தான் இல்லை?

கீழக்கரை லாத்தா:

அந்த வடையாவது தின்றீங்களா?

கப்பல்காரன்:

பாதி. ஆறிப்போயிருந்தது லாத்தா. மீதியைத் தட்டிலேயே வைத்துவிட்டு ஓடிவிட்டேன். தட்டை அவன்தான் எடுத்திருப்பான்.