புதுப்பிப்பு: பழைய ஹியூயி ஹெலிகாப்டர் சீரமைப்பு

வியட்நாம் போரில் பறந்த யுஎச்-1எச் ஹியூயி ஒன்றைக் காட்சிக்காகச் சீரமைக்கிறோம், வால்பகுதி மோசமாக அரித்திருக்கிறது என்று முன்பு எழுதியிருந்தேன். அந்த வேலை முடிந்தது. தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணிகளைத் துளைத்தெடுத்து, புது அலுமினியத் தகடு பொருத்தியாகிவிட்டது. 1,400 குதிரைத்திறன் கொண்ட லைகமிங் டி53 எஞ்சினை இயக்கப்போவதில்லை. சுத்தம் மட்டும் செய்தோம்.

அப்புறம், இதில் பறந்தவர்களின் பெயர்களைக் கதவில் எழுதும் விஷயம். விமானிகளின் பெயர் மட்டும் கதவில் போதும் என்றார்கள் சிலர். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. வழக்கமாகப் பறந்தவர்கள் நான்கு பேர்: இரண்டு விமானிகள், பராமரிப்புப் பொறுப்பாளர், கதவோரத் துப்பாக்கி வீரர். அந்தப் பராமரிப்புப் பொறுப்பாளர், இரவில் பழுதுபார்த்த அதே ஹெலிகாப்டரில் பகலில் துப்பாக்கியோடு உட்கார்ந்து பறந்தவர். எல்லார் பெயரும் ஒரே அளவு எழுத்தில்தான் வரும். பதிவேடுகளோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கிறோம். அது முடிந்ததும் பெயின்ட் வேலை.