புதுப்பிப்பு: குரோமில் அடித்த ரப்பர் ஸ்ப்ரே, ஆறு மாதம் கழித்து

என் மைவி காரின் முன்பக்கக் கிரில் குரோமுக்கும் கதவுகளின் குரோம் பட்டைகளுக்கும் கறுப்பு ரப்பர் ஸ்ப்ரே (வேண்டாதபோது தோல் மாதிரி உரித்தெடுக்கக்கூடிய பெயின்ட்) அடித்ததை முன்பு படத்தோடு போட்டிருந்தேன். "கேஎல் (கோலாலம்பூர்) வெயிலுக்கும் மழைக்கும் தாங்குமா?" என்று கேட்டிருந்தீர்கள்.

கிரில் தாங்கிவிட்டது. அதற்கு ஐந்து கோட் (பூச்சு) அடித்திருந்தேன். பட்டைகளுக்குச் சோம்பல்பட்டு இரண்டோடு நிறுத்தினேன், அதுதான் வினை. போன வாரம் செந்தூலில் கார் கழுவும்போது பிரஷர் தண்ணீர் பட்டு, ஓரத்தில் ஒரு நுனி வாழைப்பழத் தோல் மாதிரி எழும்பி நின்றது.

சரி, உரித்துவிடலாம் என்று இழுத்தால் நகத்தளவு நகத்தளவாகப் பிய்ந்து வருகிறது. அரை மணி நேரத்தில் ஒரு சாண்கூட முடியவில்லை. மெல்லிய கோட்டுக்கு இழுவை தாங்காது. அப்புறம் அதன் மேலேயே இன்னும் மூன்று கோட் அடித்து, மறுநாள் உரித்தேன். ஒரே நாடாவாக வந்தது! அடியில் குரோம் பளபளவென்று அப்படியே இருக்கிறது.

இன்னொன்று: மாஸ்கிங் டேப்பை ஸ்ப்ரே ஈரமாக இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். காய்ந்தபின் எடுத்தால் ஓரமும் கூடவே கிளம்பும். பெட்ரோல் மூடிப் பக்கம் அடிக்கவே வேண்டாம், பெட்ரோல் சிந்தினால் கரைந்துவிடும்.

பட்டைகளுக்கு அடுத்த சனிக்கிழமை மறுபடியும் அடிக்கிறேன். இந்த முறை ஐந்து.