பாட்டாவின் தகரப்பெட்டியில் ஒரு மெடல்: எந்த நாட்டுது?

தக்கலைப்பையன்:
பழைய வீட்டை இடிக்கப் போறோம்னு பரணை ஒதுக்கினப்போ அம்மையோட அப்பாவுக்க தகரப்பெட்டி கிடைச்சுது. பாட்டா மலேயாவுல ரப்பர் எஸ்டேட்ல கணக்கு எழுதினவரு, சண்டை முடிஞ்சு 1946-ல ஊர் வந்தாராம். வெத்தலைச் செல்லத்துக்குள்ள பழந்துணியில சுத்தி ஒரு வட்ட மெடல். வெண்கல நிறம். முன்பக்கம் குறுக்கா ரெண்டு கொடி, அதுமேல ஒரு பறவை, தலைக்கு மேல கதிர் விடுற பூ. பின்பக்கம் மலை, மேகம், கடல் அலை, கூட நாலு எழுத்து. சீன எழுத்து மாதிரி இருக்கு. மாமா "நேதாஜி கையால வாங்குனது"ன்னு அடிச்சுச் சொல்றாரு. சீனா மெடலா? புளி போட்டுத் தேச்சா எழுத்து தெளியுமா?

செம்புக்காசு:
புளியை ரசத்துக்கு வையுங்க. மேல படிஞ்ச கறுப்பு போச்சுன்னா மெடலோட பாதி கதையும் போச்சு. காஞ்ச பருத்தித் துணியால தூசி மட்டும் தட்டுங்க. விளிம்புல பேர், நம்பர் ஏதாவது வெட்டியிருக்கா? தொங்கவிடுற இடம் எப்படி இருக்கு?

தக்கலைப்பையன்:
விளிம்பு வெறுமை. மேல சின்னப் பட்டை, அதுல ரெண்டு எழுத்து. ரிப்பன் பூச்சி அரிச்சு நூலாக் கிடக்கு.

செம்புக்காசு:
அப்போ ஜப்பான் மெடல். சீனாக்காரன்கூட 1937-ல தொடங்கின சண்டைக்காக ஜப்பான் அரசு 1939-ல ஏற்படுத்தினது. பூ, அவங்க அரச குடும்பத்துச் செவ்வந்தி. கொடி ஒண்ணு தரைப்படை, இன்னொண்ணு கடற்படை. பறவை அவங்க புராணத்துக் காக்கை, மூணு கால் உள்ளது. லென்ஸ் வச்சு எண்ணிப் பாருங்க. நாலு எழுத்தும் அந்தச் சண்டைக்கு ஜப்பான்காரன் வச்ச பேரு. ஜப்பான் எழுத்துல பாதி சீனத்துல இருந்து போனதுதான், அதான் குழப்பம். இந்த மெடல்ல பேர் வெட்டுற வழக்கமே கிடையாது, அதனால யாருக்குக் குடுத்ததுன்னு மெடலை வச்சுச் சொல்ல முடியாது.

கொளச்சல்காரன்:
நாகர்கோவில்ல முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்குல்லா, அங்க கேட்டா பாட்டா பேர் கிடைக்காதா?

செம்புக்காசு:
அவரு பட்டாளத்துல இருந்திருந்தா கேக்கலாம். கணக்கு எழுதினவருக்கு அங்க என்ன ஏடு இருக்கும்? மாமாவுக்க கதையும் ஒத்து வரல. ஐ.என்.ஏ. (நேதாஜி பின்னால தலைமை ஏத்த இந்திய தேசிய ராணுவம்) உண்டானது 1942-ல, இது சீனா சண்டைக்குப் போன ஜப்பான் சிப்பாய்க்கு உள்ளது. பெட்டியில வேற என்ன இருக்கு? காகிதம், ரூபா நோட்டு?

தக்கலைப்பையன்:
வாழைமரம் படம் போட்ட பத்து டாலர் நோட்டு ஏழெட்டு இருக்கு.

செம்புக்காசு:
அதுதான் சாட்சி. சண்டைக் காலத்துல மலேயாவைப் பிடிச்சு வச்சிருந்தப்போ ஜப்பான்காரன் அங்க புழக்கத்துல விட்ட நோட்டு அது, 1945-ல அவன் சரணடைஞ்சதும் வெறும் காகிதமாப் போச்சு. அந்தச் சமயத்துல ஏதோ சிப்பாய் ஒருத்தன் சிகரெட்டுக்கோ அரிசிக்கோ மெடலைக் குடுத்திருப்பான். இது என் ஊகம்தான். நோட்டையும் மெடலையும் பிரிக்காம வையுங்க.

கொளச்சல்காரன்:
விக்கிற எண்ணம் இருந்தா சொல்லுங்க, நான் எடுத்துக்கிடுதேன்.

செம்புக்காசு:
அண்ணாச்சி, இது ஏராளமாக் குடுத்த மெடல், பெரிய விலை போவாது. அவருக்கு ஆசை காட்டாதீங்க.

தக்கலைப்பையன்:
விக்கல. கால் மூணுதான், எண்ணிட்டேன். அம்மைகிட்ட சொன்னப்போ, "அரிசி கிடைக்காம அங்க மரச்சீனிக் கிழங்கே தின்னு கிடந்தோம்னு அப்பா சொல்லுவாரு"ன்னா. மாமாகிட்ட இன்னும் சொல்லல, ஞாயித்துக்கிழமை வாராரு.