கேபிள் தொழில் தேய்வதற்கு யார் பொறுப்பு?

தெற்குமாசி (விவாதத்தைத் தொடங்கியவர்)

இருபத்திரண்டு ஆண்டுகளாக எங்கள் வீட்டில் இருந்த கேபிள் இணைப்பைச் சென்ற மாதம் நிறுத்திவிட்டேன். பலர் இதே முடிவுக்கு வந்துகொண்டிருக்கிறார்கள். கேபிளுக்கு மாற்றாக, கூரைத் தட்டு வழியாகச் செயற்கைக்கோளிலிருந்து நேரே வரும் கட்டண டிடிஹெச்சும் தேய்கிறது. அதன் சந்தாதாரர் எண்ணிக்கை 2020இல் 7 கோடியைத் தாண்டியிருந்தது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் கணக்குப்படி 2025 மார்ச்சில் அது ஏறத்தாழ 5.7 கோடிக்கு இறங்கிவிட்டது. இதற்கு ஓடிடியையும் கைப்பேசியையும் மட்டும் காரணம் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. இந்தத் தொழில் பார்வையாளரை ஒருநாளும் மதித்ததில்லை என்பதும், மாற்று வழி வந்ததும் அவர் போய்விட்டார் என்பதும்தான் என் வாதம்.

2019 பிப்ரவரி 1 முதல் புதிய கட்டண முறை நடைமுறைக்கு வந்தபோது, பார்க்கும் சேனலுக்கு மட்டும் பணம் கட்டினால் போதும் என்று சொன்னார்கள். நான் அதை முழுமனத்தோடு நம்பி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாவுடன் உட்கார்ந்து, அவர் பார்க்கும் சேனல்களை ஒரு தாளில் எழுதினேன். ஆறுதான் தேறின. ஆனால் ஒரு கட்டணச் சேனலைக்கூடத் தேர்ந்தெடுக்கும் முன்பே, நூறு சேனல்களுக்கான மாத இணைப்புக் கட்டணம் 130 ரூபாய், அதற்கு 18 விழுக்காடு ஜிஎஸ்டி என்று 153 ரூபாய் 40 காசு ஆகிவிட்டது. சன் டிவிக்குத் தனியாக 19 ரூபாய், கேடிவிக்குத் தனியாக 19 ரூபாய். இந்த இரண்டோடு இன்னும் சில சேனல்களையும் சேர்த்துத் தொகுப்பாக எடுத்தால் விலை ஏறத்தாழ அதேதான். தனித்தனியாக எடுப்பவன் ஏமாளி ஆகும்படி விலை வைத்துவிட்டு, அதற்குத் தேர்வுரிமை என்று பெயர் சூட்டினார்கள். அம்மா சொல்லச் சொல்ல எழுதிய தாள் அலமாரியில் அப்படியே கிடந்தது. நாங்களும் தொகுப்பைத்தான் எடுத்தோம்.

வைகைக்கரையான்

நான் 1997 முதல் கேபிள் ஆபரேட்டராக இருக்கிறேன். ஐயா சொல்லும் கணக்கு சரியானது. ஆனால் அந்தக் கணக்கில் என் இடம் எது என்பதையும் பார்க்க வேண்டும்.

சேனலின் விலையைத் தீர்மானிப்பவர் ஒளிபரப்பாளர். தொகுப்பைக் கட்டுபவரும் பெரும்பாலும் அவரே. வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில், 130 ரூபாய் இணைப்புக் கட்டணத்தில் எம்எஸ்ஓவுக்கு (சேனல்களைத் திரட்டி எங்களைப் போன்ற ஆபரேட்டர்களுக்கு அனுப்பும் பெரிய கேபிள் நிறுவனம்) 55 விழுக்காடும் எங்களுக்கு 45 விழுக்காடும் என்பதே விதி. அதாவது ஒரு வீட்டுக்கு 58 ரூபாய் 50 காசு. இதிலிருந்துதான் இரண்டு பையன்களின் சம்பளம், ஆம்ப்ளிஃபையருக்கு மின்கட்டணம், அறுந்த கம்பிக்குப் புதுக் கம்பி எல்லாம் வர வேண்டும். சென்ற ஐப்பசியில் இடி இறங்கி ஒரு தெரு முழுதும் படம் நின்றது. இரவு பதினொன்றரை மணிக்கு நானும் ஒரு பையனும் கம்பத்தில் ஏணியைச் சாய்த்து, ஒருவர் டார்ச் பிடிக்க, ஒருவர் கருகிய டேப்பை (வீடுகளுக்கு இணைப்பைப் பிரித்துவிடும் கருவி) கழற்றி மாற்றினோம். மறுநாள் காலையில் அந்தத் தெருவில் இரண்டு வீட்டார், சீரியல் போய்விட்டதே, இந்த மாதப் பணத்தில் குறைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. அவர்களுக்குத் தெரிந்த முகம் என்னுடையது மட்டும்தானே.

இன்னொன்றும் பலருக்குத் தெரியாது. பணத்தை வசூலித்துவிட்டு மேலே கட்டும் காலம் போய்விட்டது. இப்போது எம்எஸ்ஓவின் செயலியில் நான் முன்கூட்டியே பணம் போட்டு வைத்தால்தான் உங்கள் பெட்டி ஓடும். நீங்கள் பத்தாம் தேதி கொடுத்தாலும், வெளியூர் போய்விட்டு அடுத்த மாதம் கொடுத்தாலும், ஒன்றாம் தேதியே என் பணம் போய்விடுகிறது.

எங்களை உண்மையில் வீழ்த்தியது வேறு. 2022 ஜூனில் நடந்த ஐபிஎல் உரிமை ஏலத்தில் இந்தியாவுக்கான தொலைக்காட்சி உரிமை 23,575 கோடிக்கும், இணைய உரிமை 23,758 கோடிக்கும் போயின. அடுத்த ஆண்டே ஆட்டங்கள் அனைத்தும் கைப்பேசியில் இலவசமாகக் காட்டப்பட்டன. அதே ஆட்டத்தை என் கம்பி வழியாகப் பார்த்தவர் மட்டும் பணம் கட்ட வேண்டியிருந்தது. பக்கத்துக் கடையில் இலவசமாகக் கொடுக்கும் அரிசியை நான் மட்டும் விலைக்கு விற்க வேண்டும் என்றால், எத்தனை நாளைக்குக் கடை நடத்த முடியும்?

கட்டணப்பட்டியல்

நான் ஒரு சேனலின் விநியோகப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன். ஆபரேட்டர் நண்பரின் உழைப்பை மதிக்கிறேன். ஆயினும் ஒளிபரப்பாளரை வில்லனாக நிறுத்துவதற்கு முன் பழைய கணக்கையும் பேச வேண்டும்.

பெட்டி இல்லாமல் கம்பியை நேரே டிவியில் செருகிய அனலாக் காலத்தில் எத்தனை வீடுகளுக்குக் கேபிள் போகிறது என்பது ஆபரேட்டரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. ஆயிரம் வீட்டுக்குக் கொடுத்துவிட்டு இருநூறு என்று எழுதிக் கொடுப்பது நாடு முழுவதும் இயல்பாக நடந்தது. சந்தாப் பணம் வராததால்தான் சேனல்கள் விளம்பரத்தையே முழுதாக நம்பின. விளம்பரத்தை நம்பியதால்தான் எல்லாச் சேனல்களும் ஒரே வகை சீரியலையும் ஒரே வகைப் போட்டி நிகழ்ச்சிகளையும் துரத்தின. செட்டாப் பாக்ஸ் கட்டாயமானதே இந்த ஓட்டையை அடைக்கத்தான். சென்னையில் 2003 செப்டம்பரிலேயே அந்த முயற்சி தொடங்கியது. ஆனால் நாடு முழுவதும் அனலாக் ஒளிபரப்பை நிறுத்துவதற்கான இறுதிக் கெடு வந்தது 2017 மார்ச்சில். இழந்த அந்த ஆண்டுகளில் வர வேண்டிய சந்தா ஒழுங்காக வந்திருந்தால், தமிழில் ஒரு நல்ல அறிவியல் சேனலையோ குழந்தைகள் சேனலையோ விளம்பரம் இல்லாமலே நடத்தியிருக்க முடியும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கைப்பேசியில் இலவசமாகக் கொடுப்பது குறித்து: பார்வையாளர் எங்கே போகிறாரோ அங்கே போகாத ஒளிபரப்பாளர் பிழைக்க மாட்டார். அந்த இலவசமும் நிலைக்கவில்லை. 2025 ஐபிஎல் பருவத்திலேயே இணையத்தில் பார்க்கவும் சந்தா வந்துவிட்டது.

வைகைக்கரையான்

குறைத்துக் காட்டியது உண்மை. நானும் செய்திருக்கிறேன். அறுநூறு வீடுகள் இருந்த காலத்தில் நூற்றைம்பது என்று கையெழுத்துப் போட்டேன். அன்று அது தவறு என்று தோன்றவில்லை, இன்று தோன்றுகிறது. ஆனால் பெட்டி வந்த பிறகு என்ன நடந்தது? ஒவ்வொரு வீடும் எண்ணப்பட்டது. மறைக்க ஒன்றும் இல்லை. அதன் பிறகும் நியாயம் கிடைக்கவில்லையே. 2023 பிப்ரவரியில், புது விலைக்கு ஒப்பந்தம் போடவில்லை என்று சொல்லிப் பெரிய ஒளிபரப்புக் குழுமங்கள் சில, கேபிள் நிறுவனங்களுக்குச் சேனல்களைச் சில நாட்கள் நிறுத்தி வைத்தன. அந்த நாட்களில் பார்வையாளர்களின் கேள்விகளுக்கு வாசலில் நின்று பதில் சொன்னவர்கள் எங்களைப் போன்ற ஆபரேட்டர்கள்தான். கணக்கு ஒழுங்கானதும் பேரம் பேசும் வலிமை முழுதும் மேலே போய்விட்டது.

கரிசல்மகள்

நகரத்தில் இருப்பவர்கள் இணையம் எல்லா வீட்டிலும் இருப்பது போலப் பேசுகிறீர்கள். எங்கள் ஊரில் ஃபைபர் இல்லை. கைப்பேசியில் ஒரு நாளைக்குக் கிடைக்கும் டேட்டா, பிள்ளைகளின் பாடத்துக்கும் என் கணவரின் வேலைக்கும் சரியாகப் போய்விடுகிறது. மாமியார் எட்டரை மணிக்குப் பார்க்கும் தொடரை அரைச் சாண் திரையில் பார்க்கச் சொல்ல முடியுமா? எங்களுக்கு டிடிஹெச்தான் வழி.

மாதக் கட்டணமே இல்லாத டிடி ஃப்ரீ டிஷ் இருக்கிறதே என்று கேட்பீர்கள். 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் தொடங்கிய அந்தச் சேவை, இந்தி பேசும் மாநிலங்களில் கோடிக்கணக்கான வீடுகளுக்குப் போயிருக்கிறது. ஆனால் தூர்தர்ஷன் அந்தச் சேவையில் உள்ள சேனல் இடங்களைத் தனியார் சேனல்களுக்கு ஏலத்தில் விடுகிறது. இந்திச் சந்தை பெரியது என்பதால் ஏலம் எடுப்பவர்களும் பெரும்பாலும் இந்திச் சேனல்களே. டிடி தமிழும் கல்விச் சேனல்களும் கிடைக்கின்றன, நல்லதுதான். முன்னணித் தனியார் தமிழ்ச் சேனல்கள் அதில் இல்லை. வடக்கே ஒரு ஏழை வீட்டுக்கு இலவசமாகக் கிடைக்கும் பொழுதுபோக்குக்கு நாங்கள் இங்கே மாதாமாதம் பணம் கட்டுகிறோம். இந்த விவாதத்தில் யாரும் இதைப் பேசவில்லை என்பதால் எழுதினேன்.

அலைவரிசை

செயற்கைக்கோள் வானொலியின் அனுபவத்தையும் இங்கே சேர்க்க விரும்புகிறேன். தெற்குமாசி அவர்களின் வாதத்தில் பாதியை அது மறுக்கிறது, பாதியை உறுதிசெய்கிறது.

2000 மார்ச்சில் ஏவப்பட்ட ஏசியாஸ்டார் செயற்கைக்கோளின் வழியாக வேர்ல்ட்ஸ்பேஸ் நிறுவனம் இந்தியாவில் கட்டண வானொலி நடத்தியது. தமிழுக்குக் கேஎல் ரேடியோ, கர்நாடக இசைக்கு ஸ்ருதி என்று தனித்தனி அலைவரிசைகள். விளம்பர இரைச்சல் கிடையாது. விடியற்காலையில் ஜன்னலோரம் ஆன்டெனாவைக் கிழக்கு நோக்கித் திருப்பி வைத்து, மதுரை மணி ஐயரின் ஒரு ராக ஆலாபனையை இடையூறில்லாமல் கேட்ட நாட்கள் எனக்கு இன்றும் நினைவில் இருக்கின்றன. பார்வையாளரை, அதாவது கேட்பவரை, அந்தச் சேவை முழுமையாக மதித்தது. எனினும் தாய் நிறுவனம் 2008இல் அமெரிக்காவில் திவால் பாதுகாப்பு கோரியது. இந்தியாவில் 2009 டிசம்பர் 31உடன் சேவை நின்றது. ஏற்பிகள் வேறெதற்கும் பயன்படாத பெட்டிகள் ஆயின.

மதிப்பு மட்டும் ஒரு தொழிலைக் காப்பாற்றாது என்பதை நான் அங்கே கற்றேன். அதே அமெரிக்காவில் சிரியஸ், எக்ஸ்எம் என்னும் இரண்டு செயற்கைக்கோள் வானொலி நிறுவனங்கள் 2008இல் இணைந்து இன்றும் 3 கோடிக்கு மேற்பட்ட சந்தாதாரர்களுடன் இயங்குகின்றன. காரணம் கார். நகரங்களில் தரைவழி மறு ஒளிபரப்பிகளை நிறுவிக் கட்டடங்களின் மறைவிலும் ஒலி அறுபடாமல் பார்த்துக்கொண்டார்கள்; கார் நிறுவனங்களோடு ஒப்பந்தம் போட்டு, வண்டி வாங்கும்போதே கருவியும் சேர்ந்து வரும்படி செய்தார்கள். இந்தியாவில் அத்தகைய மறு ஒளிபரப்பிகளை நிறுவ வழி பிறக்கவில்லை. ஆகவே இங்கே செயற்கைக்கோள் வானொலி ஜன்னலை விட்டு நகர முடியாத வானொலியாகவே முடிந்தது. இதற்கிடையில் தனியார் பண்பலை இலவசமாக வந்தது. அதற்கோ சொந்தமாகச் செய்தி சொல்லும் உரிமையே இல்லை; ஆகாசவாணியின் செய்தியை மாற்றாமல் ஒலிபரப்பலாம், அவ்வளவுதான். பேசவேண்டியதைப் பேச முடியாத ஊடகம் பாட்டையே திரும்பத் திரும்பப் போட்டது. பாட்டு கைப்பேசிக்குப் போனதும் கேட்பவரும் போனார்.

எனவே, ஆபரேட்டர் ஐயா, உங்கள் தொழிலின் எதிர்காலம் சேனல் விலையில் இல்லை. அவர்களுக்குக் கார் இருந்ததுபோல் உங்களுக்கு எது இருக்கிறது என்பதே கேள்வி.

தெற்குமாசி

அலைவரிசை அவர்களின் பதிவைப் படித்தபின் என் முதல் கூற்றைச் சற்றுத் திருத்திக்கொள்கிறேன். மதிக்காததால் மட்டும் பார்வையாளர் போகவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பெட்டி விஷயத்தில் நான் இறங்கி வரமாட்டேன். ஒரு நிறுவனத்தின் செட்டாப் பாக்ஸ் இன்னொரு நிறுவனத்தில் வேலை செய்யாது. சிம் அட்டையை மாற்றுவதுபோல் சேவையை மாற்ற முடியும்படி பெட்டிகளை அமைக்க வேண்டும் என்று டிராய் 2020 ஏப்ரலில் பரிந்துரைத்தது. அது இன்னும் வீடுகளுக்கு வந்து சேரவில்லை. எங்கள் பரணில் மூன்று பெட்டிகள் இருக்கின்றன. மூன்றுக்கும் பணம் கொடுத்திருக்கிறேன். மூன்றும் வேலை செய்யும் நிலையில் இருப்பவை. பார்வையாளரைப் பூட்டி வைத்துச் சம்பாதிக்கலாம் என்று நினைத்ததில் எம்எஸ்ஓ, டிடிஹெச், ஒளிபரப்பாளர் எல்லோருக்கும் பங்கு இருக்கிறது. 2011இல் அரசு கேபிள் 70 ரூபாய்க்கு வந்தபோது மக்கள் எவ்வளவு ஆர்வத்தோடு மாறினார்கள் என்பதையும் நினைத்துப் பாருங்கள். தொடக்கத்தில் அதில் பல கட்டணச் சேனல்கள் இல்லை. அப்படியும் மாறினார்கள்.

வைகைக்கரையான்

பெட்டியைப் பற்றி ஐயா சொல்வதில் எனக்கு மாறுபாடு இல்லை. மாற்றிக்கொள்ளும் வசதி இருந்திருந்தால் நல்ல சேவை தரும் ஆபரேட்டருக்கு அது லாபமாகவே இருந்திருக்கும்.

அலைவரிசை அவர்களின் கேள்விக்குப் பதில்: எங்களிடம் இருப்பது வீட்டு வாசலைத் தொடும் கடைசி நூறு மீட்டர். ஒரு காலத்தில் எனக்கு 840 இணைப்புகள் இருந்தன; இப்போது 310. அதே தெருக்களில் இழுத்த ஃபைபரில் 190 இணைய இணைப்புகள் கொடுத்திருக்கிறேன். கம்பி ஒட்டிய கைகள் இப்போது தலைமுடி அளவு கண்ணாடி இழையை ஸ்பிளைசிங் இயந்திரத்தில் வைத்து இணைக்கின்றன. தெற்குமாசி ஐயாவிடம் ஒன்று கேட்கிறேன்: கேபிளை நிறுத்திவிட்டு நீங்கள் நம்பியிருக்கும் இணையத்தை உங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்து சேர்த்தவர் யார்?

தெற்குமாசி

நேர்மையாகச் சொல்ல வேண்டும். எங்களுக்கு முன்பு கேபிள் கொடுத்தவரின் பையனேதான். பெரிய நிறுவனத்தின் பெயரில் வந்தாலும், அறுந்தால் நான் அழைப்பது அவரைத்தான்.

சரி, நானும் ஒன்று கேட்கிறேன். அம்மா இன்னும் அந்த ஆறு சேனல்களைத்தான் தேடுகிறார். கைப்பேசிச் செயலியில் சீரியல் பார்க்க அவருக்கு முடியவில்லை. எழுத்து சிறிதாக இருக்கிறது, எதைத் தொட்டாலும் வேறெங்கோ போகிறது. அந்த ஆறை மட்டும் வரியோடு நூறு ரூபாய்க்குள் கொடுக்க முடியுமா? முடியுமென்றால் நாளைக்கே பரணிலிருந்து பெட்டியை இறக்கிவிடுகிறேன்.

வைகைக்கரையான்

சட்டம் இப்போது தடையாக இல்லை. 2024 ஜூலையில் டிராய் செய்த திருத்தத்தால் இணைப்புக் கட்டணத்துக்கு இருந்த 130 ரூபாய் உச்சவரம்பு போய்விட்டது. பகுதிக்கு ஏற்றபடியும் சேனல்களின் எண்ணிக்கைக்கு ஏற்றபடியும் வேறு வேறு கட்டணம் வைக்கலாம். உச்சவரம்பு நீங்கியதை ஏற்றுவதற்கு மட்டும் பயன்படுத்தாமல், ஆறு சேனல் மட்டும் பார்க்கும் முதியவர் வீடுகளுக்கு 30, 40 ரூபாய் என்று இறக்கவும் பயன்படுத்தலாம். அதைத் தீர்மானிப்பது எம்எஸ்ஓ. எங்கள் மாவட்ட ஆபரேட்டர்கள் அடுத்த வாரம் கூடுகிறோம். அம்மாவின் அந்தத் தாள் இன்னும் அலமாரியில் இருந்தால், சேனல் பெயர்களை இங்கே எழுதுங்கள். அந்தப் பட்டியலையே கையில் எடுத்துக்கொண்டு போய்க் கேட்கிறேன்.