நர்ஸ் வேலைக்கு வெளிநாடு: விசா வழி தேடியபோது நடந்ததைப் பகிருங்கள்

கருங்கல் நர்ஸ்

2023-இல், களியக்காவிளையில் ஒரு ஏஜென்சி. யுகே ஹெல்த் அண்ட் கேர் விசா, 12 லட்சம் என்றார்கள். நான் பி.எஸ்சி. நர்சிங், ஐசியூ வேலை. ஓஇடி என்ற ஆங்கிலத் தேர்வில், ரைட்டிங்கில் சி ப்ளஸ் வராமல் இழுத்துக்கொண்டிருந்தது. "அது இல்லாமலே போகலாம்" என்றதும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

மேசையில் பக்கத்தில் இருந்த பெண்ணுடைய ஸ்பான்சர்ஷிப் சான்றிதழ், அதாவது யுகே முதலாளி எந்த வேலைக்கு எடுக்கிறார் என்று தரும் தாள், கிடந்தது. தலைகீழாகவே வாசித்தேன். ஆக்குபேஷன் கோடு 6145. அது கேர் ஒர்க்கர், முதியோரையும் நோயாளியையும் கவனிக்கும் உதவியாளர். நர்ஸ் என்றால் அன்றைக்கு 2231. "சார், இது நர்ஸ் போஸ்ட் இல்லையே" என்றேன். அவர் ஃபைலை மூடி, அதன் மேல் கால்குலேட்டரை எடுத்து வைத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்தப் பெண்ணும் நர்சிங் முடித்தவள்தான். அவளுடைய அம்மா பையிலிருந்து பேங்க் கவரை எடுத்தார். "அம்மா, அந்த நம்பரைக் கேட்டுட்டுக் குடுங்க" என்றேன். "ஒனக்கு ஆஸ்பத்திரி வேல இருக்கு மோளே, எனக்க பிள்ளைக்கு ஒண்ணும் இல்லியே" என்று சொல்லிக்கொண்டே எண்ணிக் கொடுத்தார். அந்தப் பெண் என் பக்கம் திரும்பவே இல்லை. அவள் போனாளா, போய் என்ன ஆனாள் என்று இன்றுவரை தெரியாது. களியக்காவிளை வழியாகப் போகும்போதெல்லாம் அந்த அம்மா முகம்தான் வருகிறது.

மார்த்தாண்டம் அக்கா

கேர் விசா என்றாலே ஏமாற்று என்று படிக்கிறவர்கள் நினைத்துவிடக் கூடாது, கருங்கல் தங்கச்சி. என் தங்கை 2022-இல் அதே விசாவில்தான் போனாள். கேர் ஹோமில் இரவுப் பணி, பகலில் படிப்பு. சிபிடி என்ற கணினித் தேர்வு, அப்புறம் ஓஸ்கி என்ற செய்முறைத் தேர்வு, இரண்டையும் அங்கே இருந்தே முடித்து என்எம்சி பின், அதாவது அந்த நாட்டு நர்ஸ் பதிவு எண், வாங்கினாள். இப்போது யுகே அரசு மருத்துவ சேவையான என்எச்எஸ்ஸில் பேண்ட் 5, பதிவு பெற்ற நர்ஸ் சம்பள நிலை. நீல யூனிஃபார்மைப் போட்டுக்கொண்டு வீடியோ காலில் வந்த அன்று, அம்மா போனை அப்படியே மாதா படத்துக்கு நேராகப் பிடித்தார்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த வாசல் இப்போது இல்லை. 2024 மார்ச் 11-க்குப் பிறகு கேர் ஒர்க்கர்கள் குடும்பத்தைக் கூட்டிப் போக முடியாது. 2025 ஜூலை 22-லிருந்து வெளிநாட்டில் இருந்து புதிதாகக் கேர் ஒர்க்கர் எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். இன்றைக்கு யாராவது ஊரில் உட்கார்ந்து "கேர் விசா இருக்கு" என்று பணம் கேட்டால் அது பச்சைப் பொய். அதே விசாவில் நர்ஸ் பணிக்குப் போவது வேறு, அதில் குடும்பம் போகலாம்.

பாறசாலைத் தம்பி

எங்கள் வீடு எல்லைக்கு இந்தப் பக்கம், ரேஷன் கார்டு கேரளம். அதனால் திருவனந்தபுரம் தைக்காட்டில் நோர்க்கா ஆபீஸ், அது வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் கேரள அரசு நிறுவனம். அவர்களுடைய ஜெர்மனி நர்ஸ் திட்டம், ட்ரிப்பிள் வின். மொழி வகுப்புக்குக்கூடப் பணம் கிடையாது. ஜெர்மன் மொழியில் பி1 நிலை முடித்துப் போனேன்.

போன புதிதில், காலை ஷிஃப்ட். தலைமை நர்ஸ் ஒரு தாத்தாவின் அறையைக் காட்டி, ஒரு வாளியையும் துவாலையையும் கையில் கொடுத்தார். குளிப்பாட்டி, பல் செட் கழுவி, சட்டை மாட்டி, பிரெட்டில் வெண்ணெய் தடவிக் கொடுக்க வேண்டும். திருவனந்தபுரத்தில் நான் வென்டிலேட்டர் பார்த்தவன். அங்கே இதெல்லாம் நோயாளியின் வீட்டு ஆட்கள் செய்வது. ஜெர்மனியில் இதுவும் நர்ஸ் வேலைதான், எவ்வளவு படித்தவருக்கும். தாத்தா என் பெயரைச் சொல்லிப் பார்த்தார், வரவில்லை. மறுபடி சொல்லிப் பார்த்தார். நான் பதில் சொல்ல நினைத்த வாக்கியத்தில் வினைச்சொல் கடைசியில் மாட்டிக்கொண்டது.

நம் படிப்புக்கு அங்கீகாரம் கிடைக்கும்வரை உதவியாளர் சம்பளம்தான். நம் படிப்பில் என்ன குறைகிறது என்று பற்றாக்குறைக் கடிதம் வரும். அதற்கு அடாப்டேஷன் கோர்ஸ், இல்லாவிட்டால் அறிவுத் தேர்வு. மொழியில் அடுத்த நிலையான பி2 இல்லாமல் முழு நர்ஸ் ஆக முடியாது. போகும் முன்பே பி2 முடித்தவர்கள் என்னைவிடச் சீக்கிரம் தாண்டினார்கள்.

செங்கோட்டை அண்ணன்

நான் சவூதி. ப்ரோமெட்ரிக் தேர்வு, டேட்டாஃப்ளோ என்ற சான்றிதழ் சரிபார்ப்பு எல்லாம் முடிந்தபின் ஏஜென்ட் டிப்ளமோ ஒரிஜினலைக் கேட்டான், கொடுக்கவில்லை. இன்னொருவன் மூலம் போய் வந்தேன். அவ்வளவுதான்.

பிள்ளைகளுக்குச் சில விஷயம். ஏஜென்சிக்கு லைசென்ஸ் உண்டா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்த்துவிட்டுத்தான் உள்ளே கால் வையுங்கள். சட்டப்படி ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். 12 லட்சம் என்ற பேச்சே குற்றம். யுகே நடத்தை விதிப்படி ஆள் எடுக்கும் ஏஜென்சி நர்ஸிடம் ஒரு பைசா வாங்கக் கூடாது. சவூதி, குவைத் மாதிரி இசிஆர் (குடியேற்ற அனுமதி தேவைப்படும்) நாடுகளுக்கு நர்ஸ் வேலை என்றால், 2015-இல் மத்திய அரசு கொண்டுவந்த விதியைத் தெரிந்துகொள்ளுங்கள்: அரசு ஏஜென்சி வழியாகத்தான். கேரளத்துக்கு நோர்க்கா, ஒடெபெக். நமக்குச் சென்னையில் ஓஎம்சிஎல், தமிழ்நாடு அரசு நிறுவனம். நம் பிள்ளைகள் அந்தப் பெயரைக் கேள்விப்படாமலே களியக்காவிளைக்கு ஓடுகிறார்கள். பெங்களூரில் படித்துவிட்டுத் தமிழ்நாட்டில் பதிவு செய்தவர்கள் இரண்டு மாநில நர்சிங் கவுன்சிலிலும் குட் ஸ்டாண்டிங் (பதிவு சரியாக இருக்கிறது, புகார் இல்லை என்ற சான்று) கேட்க வேண்டிவரும், இப்போதே எழுதிப் போடுங்கள். எக்ஸ்பீரியன்ஸ் சர்டிஃபிகேட்டில் தேதி, வார்டு, முழுநேரமா என்பது இருக்கிறதா என்று பாருங்கள். மருத்துவமனை மூடிவிட்டால் யாரிடம் போய்க் கேட்பீர்கள்? பாஸ்போர்ட்டை யார் கையிலும் விட்டுவிட்டு வராதீர்கள். பாறசாலைத் தம்பி, இரண்டு வருடம் கல்ஃபில் சம்பாதித்துவிட்டு அப்புறம் ஜெர்மனி போயிருக்கலாம் நீ.

தக்கலை, இபி-3

அண்ணா, கல்ஃபில் இரண்டு வருடம் என்று போனவர்கள் பத்து வருடம் அங்கேயே இருக்கிறார்கள். தம்பி சரியாகத்தான் போனார்.

என் கதை அமெரிக்கா. அந்த நாட்டு நர்ஸ் தேர்வான என்க்ளெக்ஸ் பாஸ், விசா ஸ்க்ரீன் என்ற சான்று சரிபார்ப்பு முடிந்தது, வரிசையில் என் இடத்தைக் காட்டும் ப்ரையாரிட்டி தேதி 2022. ஆனால் வேலை வழியாகக் கிரீன் கார்டு தரும் இபி-3 பிரிவில், இந்தியாவில் பிறந்தவர்களுக்கு வரிசை 2025-இலும் 2013 தேதிக்காரர்களிடமே நின்றது. மாதாமாதம் வரிசை எங்கே நிற்கிறது என்று சொல்லும் விசா புல்லட்டினைத் திறந்து பார்த்து மூடுவேன். போன வருடம் வக்கீல் போனில் பேசும்போது, சம்பந்தமே இல்லாமல், "உங்கள் கணவர் எங்கே பிறந்தார்?" என்று கேட்டார். அவர் பிறந்தது குவைத்தில், மாமா அங்கே வேலையில் இருந்தபோது. கணவன் மனைவியில் ஒருவர் பிறந்த நாட்டுக் கணக்கில் இன்னொருவரும் சேரலாமாம். குவைத் கணக்கில் என் தேதி எப்போதோ வந்துவிட்டது! பக்கத்தில் படுத்திருந்தவரைத் தட்டி எழுப்பினேன்.

சிக்கல் என்னவென்றால், குவைத் பிறப்புச் சான்றிதழில் அவர் பெயரோடு தாத்தா பெயரும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து அப்பா பெயர் மட்டும். இதற்கு அஃபிடவிட் போதுமா, அங்கேயே திருத்தி வாங்க வேண்டுமா? செய்தவர்கள் இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள், இன்டர்வியூ தேதி எப்போது வேண்டுமானாலும் வரலாம்.