ஆம்னிக்குப் பழைய இரும்பு ரிம் எடுக்கறப்ப எதைப் பார்க்கணும்?

கொழிஞ்சாம்பாறை ஆம்னி:
2006 மாடல் ஆம்னி, தேங்காய் ஏத்திப் பொள்ளாச்சிக்குப் போய் வர்ற வண்டி, டியூப்லெஸ் டயர். பின்னாடி ரெண்டு ரிம்மிலயும் பீட் (டயரோட உள் விளிம்பு) உட்கார்ற இடத்தைத் துரு தின்னுடுச்சு. பஞ்சர் இல்லை, ஆனா நாலு நாளைக்கு ஒருக்கா காத்து இறங்குது. முன் இடது ரிம் குழியில அடிச்சு வளைஞ்சிருக்கு. தட்டி நிமிர்த்திக்கலாமா, கோயமுத்தூர் உக்கடத்துல பழசு எடுக்கலாமா? மாருதி 800 ரிம் அப்படியே உட்காரும்ங்கறாங்க. 13 அங்குலம் போட்டா மைலேஜ் ஏறுமா?

டயர்க்கடை பொள்ளாச்சி:
முதல்ல சோப்புத் தண்ணி ஊத்திப் பாருங்க. வால்வு அடியிலயும் குமிழி வரும், அதுக்குப் போய் ரிம் மாத்த வேண்டாம். பீட்டுல தான்னா டயரைக் கழட்டி வயர் பிரஷ் போடுங்க. வெள்ளை இரும்பு தெரிஞ்சா பிரைமர் அடிச்சு ஓட்டலாம். நகம் மாட்டற அளவுக்குக் குழி இருந்தா காயலாங்கடைக்குத் தான்.

வளைவு வெளி விளிம்புல மட்டும்னா சூடு பண்ணாம தட்டிக்கலாம். கேஸ் வெச்சு அடிக்கறதும், பிளவுக்கு வெல்டிங் வைக்கறதும் வேண்டவே வேண்டாம். வெல்டுக்குப் பக்கத்துலயே அடுத்த பிளவு வரும்.

பழசு எடுக்கப் போறப்ப உங்க நல்ல ரிம் ஒண்ணைக் கையோட கொண்டு போங்க. ஆம்னிக்கு 4 துளை, எதிரெதிர்த் துளைக்கு நடுவுக்கு நடு 114.3 மி.மீ. ஒரு துளையோட வெளி ஓரத்துல இருந்து எதிர்த் துளையோட உள் ஓரம் வரைக்கும் அளந்தா அந்த எண் வரணும். 100 மி.மீ. ரிம்மும் கண்ணுக்கு இதே மாதிரி தான் தெரியும். அப்புறம் ரிம்மைக் கவுத்து, பின் விளிம்பு மேல நேரான கம்பி வெச்சு, கம்பியில இருந்து பிரேக் டிரம்முல உட்கார்ற முகம் வரைக்கும் ஆழம் பாருங்க. உங்க ரிம்மோட ஆழமும் நடு ஓட்டையும் அப்படியே ஒத்து வரணும்.

நட்டு உட்கார்ற சரிவை விரலால தடவிப் பாருங்க. துளை முட்டை வடிவமாயிருந்தா லூஸ் நட்டோட ஓடின ரிம். துளையில இருந்து முடி மாதிரி சிவப்புக் கோடு பெயிண்ட்டுக்குள்ள ஓடினா அது துரு இல்லை, பிளவு. புதுசா பளபளன்னு பெயிண்ட் அடிச்சு வெச்சிருக்கறதுல தான் இதெல்லாம் தெரியாது. துரு தெரியற ரிம்மே எனக்கு மேல்.

800 விஷயம்: அதுவும் 12 அங்குலம் தான். ஆனா அதுல வர்றது 145/70 கார் டயர், உங்களுது 145 ஆர்12 எல்டி, 6 பிளை, அதாவது சுமை வண்டிக்கான டயர். விட்டமே ஏறக்குறைய 3 செ.மீ. குறையும், சுமைக்கும் தாங்காது. ரிம் மட்டும் தனியாக் கிடைச்சாலும் அந்த ஆழம் ஒத்தா தான் எடுக்கணும்.

13-ஐ விட்டுடுங்க. விட்டம் ஏறினா கியர் நீளும், சுமையோட கிளப்பறப்ப கிளட்ச் வேகும், ஸ்டீயரிங் முழுசா ஒடிச்சா உரசவும் உரசும்.

லேத் பட்டறை:
மாட்டறதுல தான் பாதிப் பேர் கோட்டை விடறாங்க. டிரம் முகத்துல துருவை உப்புத்தாள் போட்டு எடுங்க. ரிம்மோட உட்காரும் முகத்துலயும் நட்டுச் சரிவுலயும் தடிப்பா பெயிண்ட் இருக்கக் கூடாது. ஓடற ஓட்டத்துல அது நசுங்கி நட்டு லூஸாயிடும். ஸ்டட் (நட்டு ஏத்தற போல்ட்டு) 12 மி.மீ., மரை இடைவெளி 1.25 மி.மீ. 1.5 மரை நட்டு ரெண்டு சுத்து போய் இறுகும், அப்பவே நிறுத்திடுங்க. பைப் போட்டுத் திருகினா ஸ்டட் போச்சு. நாலையும் கையால ஏத்தி, எதிரெதிரா இறுக்கி, ஜாக்கியை இறக்கிட்டுக் கடைசி இறுக்கு. 50 கி.மீ. ஓடினதும் இன்னொரு தடவை. சரிவுல எண்ணெய் வேண்டாம்.

கொழிஞ்சாம்பாறை ஆம்னி:
நன்றிண்ணா. அதுவரைக்கும் பழைய ரிம்முல டியூப் போட்டு ஓட்டலாமா?

டயர்க்கடை பொள்ளாச்சி:
துருச் செதில் டியூபை அறுத்துடும், சுமையோட போறப்ப ஒரேயடியா இறங்கும். ஸ்டெப்னி ரிம் நல்லா இருந்தா பின்னாடி ஒண்ணுக்கு அதைப் போடுங்க. வாங்கறப்ப இன்னொண்ணு: பீட் உட்கார்ற இடத்துக்கு உள்பக்கம் சுத்தி ஒரு சின்ன மேடு ஓடுதான்னு பாருங்க. அது இல்லாத ரிம் டியூப் டயருக்கானது, உங்க டயருக்கு ஆகாது. ரிம் மாத்தறப்ப வால்வும் புதுசு போட்டுடுங்க.